பேச்சு திரும்ப மின்தூண்டல்: முன்பணம் கட்டலாமா?

கேள்வி: என் தந்தைக்கு 61 வயது. எட்டு மாதங்களுக்கு முன் இடது மூளையில் ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தது. கை, கால் ஓரளவு தேறிவிட்டன. நாங்கள் சொல்வது அவருக்குப் புரிகிறது, ஆனால் 'ஆமா', 'அதுதான்' என்பவற்றைத் தவிர வேறு சொல் வரவில்லை. தலையில் மின்சாரம் செலுத்தி 20 சிட்டிங்கில் பேச வைப்பதாக ஒருவர் ஒன்றரை லட்சம் ரூபாய் முன்பணம் கேட்கிறார். ஓராண்டு தாண்டினால் வாய்ப்பே இல்லை என்கிறார். கட்டலாமா? ஜெர்மன் படிக்கும் என் மகனும் இந்தக் கருவி தனக்கு உதவுமா என்று கேட்கிறான். – வாசகி, திருச்சி

பதில்: முன்பணத்தைக் கட்ட வேண்டாம். மின்தூண்டல் முழுப் பொய் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்களிடம் விற்கப்படுவது அந்தச் சிகிச்சையின் பாதி மட்டுமே, அதுவும் தனித்துப் பயன் தராத பாதி.

உங்கள் தந்தைக்கு வந்திருப்பது அஃபேசியா எனப்படும் பேச்சிழப்பாகத் தெரிகிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இது வருகிறது. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்குப் பெரும்பாலும் 'டான்' என்ற ஓசை மட்டுமே வந்தது. அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்தபோது இடது முன்பகுதி சிதைந்திருந்தது. உங்கள் தந்தைக்கும் நாக்கும் அறிவும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, சொல்லைத் தேடி எடுக்கும் வழிதான் அறுபட்டிருக்கிறது. (ஆகவே அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேச வேண்டாம் என்று வந்துபோகும் உறவினர்களிடம் சொல்லிவையுங்கள்.)

அந்த நபர் சொல்வது டி.டி.சி.எஸ். என்ற முறையாக இருக்கும். உப்புநீரில் நனைத்த பஞ்சுப் பட்டைகளைத் தலையில் பொருத்தி, 1 முதல் 2 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைச் சுமார் 20 நிமிடங்கள் செலுத்துவார்கள். மனநல மருத்துவத்தில் 'ஷாக்' என்று சொல்கிறார்களே, அதில் பாய்வது பல நூறு மில்லி ஆம்பியர். இதுவும் அதுவும் ஒன்றல்ல. இந்தச் சிறு மின்னோட்டம் நரம்பணுக்களை வேலை செய்ய வைப்பதில்லை, அவை வேலை செய்யும்போது அந்த வேலையைச் சற்று எளிதாக்குகிறது. விளக்குத் திரியைத் தூண்டுகிறோம் அல்லவா, அதே சொல்தான் இதுவும். இங்கே எண்ணெய் என்பது பேச்சுப் பயிற்சி. அது இல்லாமல் 20 சிட்டிங் என்ன, 200 சிட்டிங் உட்கார வைத்தாலும் எரிவதற்கு ஒன்றுமில்லை.

2018இல் அமெரிக்காவில் 74 பேரிடம் நடந்த ஆய்வில், 15 அமர்வுகள் கணினிவழிப் பேச்சுப் பயிற்சியோடு சேர்த்தே மின்னோட்டம் கொடுத்தார்கள். படங்களைப் பார்த்துப் பெயர் சொல்வதில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வு, பெரிய அளவில் சோதித்துப் பார்க்கும் தகுதி இந்த முறைக்கு உண்டா என்று அறிவதற்காக மட்டுமே வகுக்கப்பட்டது. 421 பேரை உள்ளடக்கிய 21 ஆய்வுகளை 2019இல் அலசிய காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் சர்வதேச அமைப்பு) மதிப்பீடு, பொருட்களின் பெயர்களைச் சொல்வதில் ஓரளவு பயன் இருக்கலாம் என்றது. அன்றாட உரையாடல் மேம்படுவதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. படத்தைப் பார்த்துப் 'பூனை' என்பதும், மருமகளிடம் 'காபிக்குச் சர்க்கரை வேண்டாம்' என்பதும் ஒரே திறன் அல்ல. உங்களிடம் பணம் கேட்பவரைப் போன்ற தரகர்கள் முதல் பாதியை மட்டும் வீடியோவாகக் காட்டுவார்கள்.

'அமெரிக்க அனுமதி பெற்றது' என்றும் சொல்வார்கள். காந்தத் துடிப்பால் தூண்டும் ஆர்.டி.எம்.எஸ். என்பது வேறு கருவி; அதற்கு 2008இல் அங்கு அனுமதி கிடைத்ததும் மனச்சோர்வுக்காக, பேச்சிழப்புக்காக அல்ல. ஓராண்டுக் கெடு என்பதும் உங்களை அவசரப்படுத்தும் தந்திரமே. ஜெர்மனியில் பக்கவாதம் வந்து ஆறு மாதங்களைக் கடந்த 156 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், எந்த மின்சாரமும் இல்லாமல், வாரம் குறைந்தது 10 மணி நேரம் வீதம் மூன்று வாரங்கள் தீவிரப் பேச்சுப் பயிற்சி கொடுத்தே அன்றாடப் பேச்சில் முன்னேற்றம் கண்டார்கள்.

இந்த மின்தூண்டலை எல்லோருக்கும் கொடுத்துவிட முடியாது. ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதை யாரும் கேட்பதில்லை. பெரிய பக்கவாதத்தில் மூளை வீங்கும்போது உயிரைக் காக்க மண்டையோட்டின் ஒரு பகுதியை அறுத்தெடுத்து, சில நேரங்களில் வயிற்றுத் தோலுக்கடியில் பத்திரப்படுத்தி, சில மாதங்கள் கழித்துத் திரும்பப் பொருத்துவார்கள். இடது பக்கம் அப்படி அறுவை நடந்தவர்களுக்குத்தான் பேச்சும் அதிகம் பாதிக்கப்பட்டிருக்கும். எலும்பு மின்னோட்டத்தைத் தடுக்கும் பொருள். அது இல்லாத இடத்தில் மின்னோட்டம் எளிதான வழியைப் பிடித்து ஓரிடத்தில் குவியக்கூடும். எலும்புக்குப் பதில் உலோகத் தகடு வைத்திருந்தாலும் கணக்கு மாறும். எலும்பைத் திரும்பப் பொருத்தியிருந்தாலும், புதிய சி.டி. ஸ்கேனைப் பார்த்து நரம்பியல் அறுவை மருத்துவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் தலையில் பட்டை வைக்க விடாதீர்கள். வலிப்பு வந்தவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஆகியோருக்கும் மருத்துவரின் முடிவே முடிவு.

இவ்வளவும் டிஸ்சார்ஜ் அன்றே உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். நான் பார்க்கும் டிஸ்சார்ஜ் தாள்களில் மாத்திரைகளுக்கு ஒரு பக்கமும் பிசியோதெரபிக்கு இரண்டு வரியும் இருக்கின்றன. பேச்சைப் பற்றிப் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அஃபேசியாவால் வரும் நிரந்தரப் பேச்சுக் குறையையும் பெயர் சொல்லியே ஏற்றிருக்கிறது. சட்டம் ஏற்றதை வார்டு ஏற்காததால் உண்டான வெற்றிடத்தில்தான் தரகர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் மகனுக்கு வேண்டாம். நலமாக இருப்பவர்களிடம் புதுச் சொற்களைக் கற்பதில் சிறு பயன் தெரிந்ததாகச் சில ஆய்வுக்கூடச் சோதனைகள் சொல்கின்றன. வீட்டில் தலையில் மாட்டிக்கொள்ள அது போதாது.

இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஸ்பீச் தெரபிஸ்டிடம் தந்தையை அழைத்துச் செல்லுங்கள். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஸ்கேன் படங்களோடு, அவர் தினமும் கேட்கும் பொருட்கள், வீட்டாரின் பெயர்கள், அவர் வழக்கமாகப் பேசிய சொற்கள் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். பயிற்சி ஆங்கிலப் பட அட்டையில் இல்லாமல் அவருடைய தமிழிலேயே நடக்கட்டும். சில வாரங்களுக்குப் பின் அந்த தெரபிஸ்டும் நரம்பியல் மருத்துவரும் சேர்ந்து மின்தூண்டலையும் முயலலாம் என்றால், பயிற்சி நடக்கும் அதே நேரத்தில் கொடுப்பார்களா என்று கேளுங்கள். கொடுப்பதாக இருந்தால் ஒவ்வொரு சிட்டிங்குக்கும் அன்றன்றைக்கு மட்டும் பணம் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.