மாடி வீட்டுக்கு ஒரு வெளிநாட்டுப் பெண் குடிவந்தால்

கேள்வி: மதுரை நாராயணபுரத்தில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷன் காலியாக இருக்கிறது. தமிழ் படிப்பதற்காக மாணவர் விசாவில் வரும் ஓர் அமெரிக்கப் பெண் பத்து மாதத்துக்குக் கேட்கிறார். அடுத்த மாதம்தான் ஊரிலிருந்து கிளம்புகிறார். எனக்குக் கொடுக்க ஆசை. ‘போலீஸ், கேஸ் என்று அலைய முடியாது’ என்று கணவர் தயங்குகிறார். ஈபி கார்டு இன்னும் இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கிறது. கேஸ், சிம், பேங்க் எல்லாம் அவருக்கு எப்படிக் கிடைக்கும்?

பதில்: தாராளமாகக் கொடுங்கள். உங்கள் கணவர் பயப்படும் கேஸ் வேறு, நீங்கள் கேட்கும் கேஸ் வேறு. இரண்டுக்கும் வழி இருக்கிறது. மதுரைக்கு இது புதிதும் இல்லை. அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனத்தின் தமிழ் வகுப்புக்கு மாணவர்கள் வருகிறார்கள், அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வெளிநாட்டு டாக்டர்கள் வருகிறார்கள். இப்படி வருகிறவர்களுக்குப் பல வருஷமாக வீடு பார்த்துக் கொடுத்து, பேப்பர் வேலையும் பார்த்துக் கொடுப்பவன் என்பதால் சொல்கிறேன்: சிக்கல் வருவது அநேகமாக அவர்கள் பக்கத்திலிருந்து இல்லை. நம் வீட்டு முகவரியிலிருந்துதான்.

முதலில் உங்கள் வேலை. வெளிநாட்டவர் யார் வீட்டில் தங்கினாலும், வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அதை ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். லாட்ஜுக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். மாடிப் போர்ஷனுக்கும் உண்டு. 1946-ம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆனாலும் இதைத் தெரிவிக்கும் படிவத்தை ஊரில் எல்லோரும் பழைய பெயரில் ‘சி ஃபார்ம்’ என்றே சொல்கிறார்கள். பாஸ்போர்ட் எண், விசா எண், இந்தியாவுக்குள் நுழைந்த தேதி, எந்த ஊரிலிருந்து வந்தார், போட்டோ, இவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை.

அந்தப் பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஒரு காத்திருப்பு இருக்கிறது. சி ஃபார்ம் அனுப்பும் அரசுத் தளத்தில் நீங்கள் வீட்டுக்காரராகக் கணக்கு தொடங்க வேண்டும். அதை அதிகாரிகள் பார்த்து அனுமதித்தால்தான் உள்ளே போக முடியும். அந்தப் பெண் ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்கும்போது கம்ப்யூட்டரைத் திறந்தால் 24 மணி நேரம் போதாது. இன்றைக்கே கணக்கு தொடங்குங்கள். தாமதமானால் மாநகர எல்லைக்குள் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் கேட்கலாம். எல்லைக்கு வெளியே என்றால் எஸ்.பி. அலுவலகம். கணவர் போலீஸ் பக்கம் போக வேண்டியிருந்தால் அது இதற்காக மட்டும்தான் இருக்கும்.

அடுத்தது அவருடைய வேலை. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருகிறவர், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். 2018 முதல் இதுவும் ஆன்லைன்தான். படிக்கும் இடத்திலிருந்து ஒரு கடிதம் கேட்பார்கள், தங்கும் இடத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள். அந்த அத்தாட்சி உங்கள் வாடகை ஒப்பந்தமும் சி ஃபார்மும். நடுவில் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு வந்து, ‘இங்கதான் இருக்காங்களா?’ என்று கேட்டுவிட்டுப் போகலாம். காபி கொடுத்து அனுப்புங்கள், அதில் பதற ஒன்றுமில்லை.

இப்போது ஒப்பந்தம். இங்கேதான் நம் ஆட்கள் சொதப்புவார்கள். சில வருஷம் முன்பு ஒரு பத்திர எழுத்தர், பாஸ்போர்ட்டில் இருந்த குடும்பப் பெயரை இனிஷியல் ஆக்கிவிட்டார். நம் வழக்கப்படி அழகாக, பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தும் புள்ளியும். அவருக்கு அது சரிதானே! பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், ஒப்பந்தத்தில் ஒரு பெயர் என்று பதிவு விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. மறுபடி பத்திரம், மறுபடி கையெழுத்து. அதற்குள் ஒன்பது நாள் போய்விட்டது. அதனால் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து அப்படியே அடிக்கச் சொல்லுங்கள். நடுப்பெயர் இருந்தால் அதுவும் வேண்டும்.

முகவரியிலும் இதே கவனம் தேவை. பழைய எண், புதிய எண், பிளாட் எண் என்று நம் தெருக்களில் ஒரே வாசலுக்கு மூன்று நம்பர். ஈபி கார்டில் எது இருக்கிறதோ அதையே ஒப்பந்தத்திலும் சி ஃபார்மிலும் போடுங்கள். மாமனார் பெயரில் இருக்கும் கார்டை எப்படியும் ஒரு நாள் மாற்றத்தான் போகிறீர்கள், இப்போதே மாற்றிவிடுங்கள். அதற்குள் முடியாவிட்டால், வீட்டு வரி ரசீதும் வாரிசுச் சான்றிதழ் நகலும் சேர்த்து, ‘இந்த வீடு எங்களுடையது, இவர் இங்கே குடியிருக்கிறார்’ என்று நீங்கள் கையெழுத்திட்ட ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள்.

பதினோரு மாதத்துக்குள் என்றால் பதிவு தேவையில்லை என்று புரோக்கர் சொல்லுவார். தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எத்தனை மாதமானாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை ஆணையத்தில் பதியவும் வேண்டும். அட்வான்ஸும், வேறு மாதிரி பேசி எழுதிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைதான். ‘வெள்ளைக்காரப் பொண்ணு, டாலர்ல சம்பாதிக்கும்’ என்று வாடகையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். மாணவிகள் பெரும்பாலும் உதவித்தொகையில் வருகிறவர்கள். பக்கத்துப் போர்ஷன் வாடகை ஒரு வாரத்தில் அவருக்குத் தெரிந்துவிடும்.

யாராவது ஆதார் கேட்டால் அவரிடம் இருக்காது. முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இங்கே தங்கியிருந்தால்தான் வெளிநாட்டவர் விண்ணப்பிக்கவே முடியும். பத்து மாதத்துக்காக அதற்கு மெனக்கெடத் தேவையில்லை. பாஸ்போர்ட்டும் விசாவும் போதும்.

சிம் முதல் நாளே வாங்க வேண்டும், ஏனென்றால் ஓடிபி வராமல் இங்கே ஆட்டோகூடப் பிடிக்க முடியாது. தெருமுனைப் பெட்டிக்கடை வேண்டாம், கம்பெனியின் சொந்த ஷோரூமுக்குக் கூட்டிப் போங்கள். பாஸ்போர்ட், விசா, போட்டோவோடு உள்ளூர்க்காரர் ஒருவரின் நம்பரும் கேட்பார்கள். உங்கள் நம்பரைக் கொடுக்கலாம். வங்கியில் அவருக்குத் திறப்பது என்.ஆர்.ஓ. கணக்கு, அதாவது இங்கே நிரந்தரமாகக் குடியிராதவர்களுக்கான ரூபாய்க் கணக்கு. அதற்கும் உங்கள் ஒப்பந்தம்தான் முகவரிச் சான்று. கணக்கு தயாராகும்வரை அவர் ஊர் கார்டை வைத்து ஏடிஎம்மில் எடுத்துத்தான் வாடகை தருவார். ரசீது எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சமையல் கேஸுக்கு ஐந்து கிலோ சிலிண்டர். ஏஜென்சிகளிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் அடையாள அட்டை நகல் கொடுத்தால் கிடைக்கும், முகவரிச் சான்று வேண்டியதில்லை. ஒருத்தருக்கு இண்டக்‌ஷன் அடுப்பே போதும் என்பது என் கட்சி. ஆனால் மாடிக்குத் தனி மீட்டர் இல்லையென்றால் சப் மீட்டர் ஒன்று மாட்டிவிட்டு, யூனிட்டுக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்ற கணக்கெல்லாம் சித்திரை வெயிலில் ஏசி ஓடும்போது காணாமல் போய்விடும்.

இன்னொன்று. எதிர்வீட்டுக்காரர்கள் பிள்ளைகளுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கக் கேட்பார்கள், மாதம் இவ்வளவு என்று பணமும் பேசுவார்கள். மாணவர் விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. அவர் தயங்கித் தயங்கி மறுப்பதைவிட நீங்கள் குறுக்கே நின்று ‘அதெல்லாம் விசாவுல ஆகாது’ என்று சொல்லிவிட்டால் அவருக்கு நிம்மதி.

அப்புறம், குழம்பு. கிண்ணத்தோடு மாடி ஏறுவீர்கள் என்று தெரியும், எல்லோரும் செய்வதுதான். கதவைத் தட்டிவிட்டுப் போங்கள், வாரத்தில் இரண்டு நாள் போதும். வீட்டுக்காரம்மாவின் அன்பைத் தாங்க முடியாமல் வீடு மாறிய பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். பேச்சுக்கு மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். புத்தகத்தில் ‘அங்கே, இங்கே’ படித்துவிட்டு வருகிறவருக்கு ‘அங்கிட்டு, இங்கிட்டு’ உங்கள் வாசல்படியில்தான் கிடைக்கும்.

கிளம்பும் மாதத்தில் அட்வான்ஸைக் கடைசி நாளுக்கு இழுக்காமல், அவர் வங்கிக் கணக்கை மூடுவதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விமானம் ஏறிய பிறகு அனுப்புவது உங்களுக்குத்தான் தலைவலி. கரண்டுக்கு ஒரு தொகையை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, போகிற அன்று இருவரும் சேர்ந்து சப் மீட்டரைப் பார்த்து முடித்துக்கொள்ளலாம். அன்றைக்கே, சி ஃபார்ம் போட்ட அதே தளத்தில், அவர் வீட்டை விட்டுப் போனதையும் பதிந்துவிடுங்கள்.