ஜனவரியில் ஒய்மியாக்கோன் போகலாமா?

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் கேட்டிருந்ததை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் ரஷ்யாவின் சைபீரியாவிலுள்ள யாகுட்ஸ்க் நகரின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறீர்கள். ஜனவரி விடுமுறையில் நண்பர்கள் நால்வராக ஒரு பழைய ஜப்பானியக் காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, உலகின் மிகக் குளிர்ந்த ஊர்களில் ஒன்றான ஒய்மியாக்கோன் வரை போய்வர விரும்புகிறீர்கள். நால்வரில் ஒருவருக்கு மட்டுமே ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. கைபேசி வரைபடம் ஏறத்தாழ 930 கிலோமீட்டர் என்கிறது. எத்தனை அடுக்கு உடை போட்டால் தாங்கும் என்பது உங்கள் கேள்வி.

போய்வாருங்கள். ஆனால் அந்தக் காரில் போகாதீர்கள், நீங்களாக ஓட்டியும் போகாதீர்கள். உடையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் அது இரண்டாவது கேள்வி. வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. யாகுட்ஸ்க் நகருக்குள் மைனஸ் 45 டிகிரியில் நடமாடிப் பழகியவருக்கு, குளிர் என்பது பேருந்து நிறுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கும் இடையே பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நீங்கள் போகப்போகும், எலும்புச் சாலை என்றும் அழைக்கப்படும் கோலிமா நெடுஞ்சாலையில் அடுத்த வாசல் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் இருக்கலாம்.

நான் திருச்சிப் பக்கம் கல் பட்டை தீட்டும் குடும்பத்திலிருந்து, 2006ஆம் ஆண்டு இங்கே வைரம் பட்டை தீட்டும் பட்டறை ஒன்றுக்கு வேலைக்கு வந்தவன். அந்தப் பாதையில் ஏழு முறை போய்வந்திருக்கிறேன், ஏழு முறையும் பயணியாகத்தான். முதல் பயணத்திலேயே அதற்கான காரணத்தைக் கற்றுக்கொண்டேன்.

2009 ஜனவரியில் உடன் வேலை பார்த்த ஒருவருடைய காரில், வழியிலுள்ள ஹந்திகா என்ற ஊரைத் தாண்டி மலைப்பகுதிக்குள் போய்க்கொண்டிருந்தோம். எரிபொருள் போகும் ரப்பர் குழாய் குளிரில் இறுகி, ஒரு குலுங்கலில் கீறல் விட்டு, இஞ்சின் நின்றது. இருபது நிமிடத்துக்குள் உள்ளே இருந்த கண்ணாடிகள் எல்லாம் எங்கள் மூச்சாலேயே வெள்ளைப் பூச்சு பூசியதுபோல் மூடிக்கொண்டன. நண்பர் மெல்லிய கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்பேனரைப் பிடித்தார். விட்டபோது இரண்டு விரல் நுனித் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. இரத்தம்கூட உடனே வரவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு காமாஸ் லாரி வந்தது. நாங்கள் கை காட்டவில்லை, காட்டும் நிலையிலும் இல்லை. அந்த ஓட்டுநர் தானாகவே நிறுத்தினார், எங்களைத் தம் கேபினில் ஏற்றிச் சூடான தேநீர் கொடுத்தார், பிறகு தீ பீய்ச்சும் விளக்கோடு எங்கள் காரின் அடியில் படுத்து இரண்டு மணி நேரம் உழைத்தார். தம்மிடமிருந்த குழாயை வெட்டிப் பொருத்தினார். பணம் நீட்டினோம், கோபப்பட்டார் என்றே சொல்ல வேண்டும். அந்தப் பாதையில் நிற்கும் வண்டியைக் கண்டால் நிறுத்தாமல் போகிறவன் மனிதனே இல்லை என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம். இன்று அவர், நாளை யாரோ. அவர் பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை என்பது இன்றுவரை மனத்தை உறுத்துகிறது.

எல்லாருக்கும் அப்படி ஒரு லாரி வந்துவிடுவதில்லை. 2020 டிசம்பரில் யாகுட்ஸ்கிலிருந்து நெடுஞ்சாலையின் மறுமுனையான மகதான் நகருக்குக் காரில் கிளம்பிய இரண்டு இளைஞர்களுக்கு நடந்தது இங்கே எல்லாரும் அறிந்தது. வரைபடச் செயலி தூரம் குறைவு என்று தோம்தோர் கிராமத்திலிருந்து கதிக்சான் போகும் பழைய சாலையைக் காட்டியது. அது பல ஆண்டுகளாகப் பராமரிப்பின்றிக் கைவிடப்பட்ட பகுதி. அங்கே லாரி எதுவும் போவதில்லை. ரேடியேட்டரில் கட்டை ஒன்று குத்தி வண்டி நின்றது. டயர்களைக் கழற்றி எரித்தும் பார்த்தார்கள். தேடிப் போனவர்கள் கண்டபோது ஒருவர் இறந்திருந்தார், மற்றவர் கைகால்கள் உறைந்த நிலையில் உயிரோடு இருந்தார். உங்கள் வயதுதான், தம்பி. நீங்கள் போகப்போகும் வழியும் அதே தோம்தோர் வரை போகிற வழிதான் என்பதால் இதைச் சொல்கிறேன். க்யுபெமே என்ற இடத்தில் முதன்மைச் சாலை உஸ்த்-நேரா பக்கம் வடக்கே திரும்பிவிடும். நீங்கள் தோம்தோர் பக்கம் பிரிவீர்கள். தோம்தோரிலிருந்து ஒய்மியாக்கோனுக்குப் போவதோடு நிறுத்திக்கொண்டு, வந்த வழியே திரும்புங்கள். கிழக்கே போகும் அந்தப் பழைய பாதையில் ஒரு கிலோமீட்டர்கூட வேடிக்கை பார்க்கப் போக வேண்டாம்.

ஆகவே, அந்தப் பாதையையே தொழிலாகக் கொண்ட ஓட்டுநர் ஒருவரை அமர்த்துங்கள். யாகுட்ஸ்கிலிருந்து பயணிகளை ஏற்றிச்செல்லும் வண்டிகள் இருக்கின்றன. பெரும்பாலும் ரொட்டி போன்ற உருவத்துக்காக 'புஹான்கா' என்று அழைக்கப்படும் ரஷ்ய உவாஸ் வேன். அழகாக இராது, ஆனால் உடைந்தால் வழியிலேயே சரிசெய்ய முடியும், அதுவே அதன் பெருமை. ஜன்னல் கண்ணாடி இரட்டை அடுக்காக இருக்கிறதா, இஞ்சின் ஓடாமலே உள்ளே சூடாக்கும் தனி ஹீட்டர் இருக்கிறதா, உதிரி டயர் இரண்டு இருக்கின்றனவா, செயற்கைக்கோள் தொலைபேசி இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊர்களை விட்டு வெளியே வந்தால் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. இவற்றைக் கேட்டால் நல்ல ஓட்டுநர் கோபித்துக்கொள்ள மாட்டார். இரவில் எங்கு தங்கினாலும் அவர் இஞ்சினை அணைக்க மாட்டார், அல்லது சூடேற்றிய கொட்டகைக்குள் விடுவார். பெட்ரோல் வீணாகிறதே என்று நம் ஊர் மனத்தோடு நினைக்க வேண்டாம். அணைத்த இஞ்சினை மைனஸ் 50இல் மீண்டும் உயிர்ப்பிக்கக் காலை முழுவதும் பாடுபட வேண்டியிருக்கும், அதுவும் முடிந்தால்தான்.

வழியைப் பற்றி. லேனா ஆற்றுக்கு இன்னும் பாலம் கிடையாது என்பதால் உங்கள் பயணம் உறைந்த ஆற்றின் மேல்தான் தொடங்கும். பனிக்கட்டிச் சாலையில் ஏறும்போது சீட் பெல்ட்டைக் கழற்றச் சொல்வார்கள். திகைக்க வேண்டாம், கட்டி உடைந்தால் உடனே வெளியேறுவதற்காகத்தான் அந்த விதி. வண்டிகளுக்கிடையே இடைவெளி விட்டு, நிற்காமல் போக வேண்டும். ஹந்திகாவுக்கு முன்னால் அல்தான் ஆற்றையும் இப்படியே கடப்பீர்கள். அதன் பிறகு வெர்ஹொயான்ஸ்க் மலைகள். ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளத்தாக்கு என்று சாலை ஒடுங்கும் இடங்களை இங்கே 'பிரிழிம்' என்கிறார்கள். கறுப்புப் பிரிழிமிலும் மஞ்சள் பிரிழிமிலும் ஓட்டுநரோடு பேச்சுக் கொடுக்காமல் இருங்கள். இவற்றைவிட ஓட்டுநர்கள் அஞ்சுவது 'நாலேத்' எனப்படும் நீர்ப்பெருக்கை. கடும் குளிரில் ஆற்றின் நீர் கட்டிக்கு அடியில் அழுத்தம் தாங்காமல் பிளந்து மேலே வழிந்து, பனியின் கீழே மறைந்து கிடக்கும். சக்கரம் அதில் இறங்கினால் சில நிமிடங்களில் சுற்றிலும் உறைந்து கவ்விக்கொள்ளும். உங்கள் கால் நனைந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லி உடனே காலணியையும் காலுறையையும் மாற்றுங்கள், வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

ஒன்று உங்களுக்கு வியப்பாக இருக்கும்: மலைக் கணவாய்களின் மேலே குளிர் குறைவு. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தாக்குகளில் இறங்கித் தேங்கிவிடுகிறது. ஒய்மியாக்கோன் இவ்வளவு குளிர்வதற்கும் அது மலைகளால் சூழப்பட்ட கிண்ணத்தின் அடியில் இருப்பதே காரணம். 1933 பிப்ரவரியில் அங்கே மைனஸ் 67.7 டிகிரி பதிவானது. வெர்ஹொயான்ஸ்கில் 1892இல் பதிவானது மைனஸ் 67.8. இரண்டு ஊர்க்காரர்களும் குளிர்த்துருவம் தங்கள் ஊரே என்று உரிமை கொண்டாடுவார்கள். போன இடத்தில் அந்த ஊர்ப் பக்கமே பேசுங்கள். பாதரசம் மைனஸ் 39 அளவிலேயே உறைந்துவிடும் என்பதால் அங்கே வீட்டு வாசல்களில் தொங்குவது சாராய வெப்பமானிதான்.

கோலிமா நெடுஞ்சாலையை யார் போட்டார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். 1930களில் மகதான் பக்கத்திலிருந்து தங்கச் சுரங்கங்களுக்காக இதை வெட்டத் தொடங்கியவர்கள் ஸ்டாலின் காலத்துக் கைதிகள். மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு, பசியிலும் இதே குளிரிலும் வேலை செய்து மடிந்தவர்கள் அதன் ஓரத்திலேயே புதைக்கப்பட்டார்கள். எலும்புச் சாலை என்ற பெயர் அப்படி வந்தது. என் ஓட்டுநர்கள் கணவாய் உச்சியில் வண்டியை நிறுத்தி, துணிப்பட்டைகள் கட்டிய மரத்தடியில் ஒரு துண்டு ரொட்டியோ நாணயமோ வைத்துவிட்டுத்தான் நகர்வார்கள். யாகுத் மக்கள் வழிக்குரிய தெய்வத்துக்குச் செய்யும் மரியாதை அது. நாம் எல்லைக் கோயிலில் சூடம் ஏற்றிவிட்டுப் போவது போலத்தான் என்று எனக்குப் பட்டதால், நானும் இறங்கி ஏதாவது வைக்காமல் இருந்ததில்லை.

இனி உடை. உடலை ஒட்டிப் பருத்தி வேண்டவே வேண்டாம். வியர்வையை உறிஞ்சிக்கொண்டு பிறகு அதுவே உங்களைக் குளிரவைக்கும். மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன் மேல் தடித்த கம்பளி, மேலே இறகு அடைத்த நீண்ட கோட்டு. வண்டிக்குள் சூடாக இருக்கும்போது கோட்டைக் கழற்றிவிடுங்கள், வியர்க்க விடாதீர்கள். விரல் பிரிந்த கையுறையின் மேல் விரல் பிரியாத பெரிய கையுறை. கடைகளில் விற்கும் மலையேற்றக் காலணிகளை நம்ப வேண்டாம். அவற்றின் அடிப்பாகம் இறுகிக் கல்லாகிவிடும். கலைமான் கால்தோலில் தைத்த 'உன்ட்டி'தான் அங்கே காலைக் காப்பாற்றும். உலோகச் சட்டமிட்ட மூக்குக் கண்ணாடி போட்டால் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக் சட்டம் வாங்குங்கள். ஃபோனை உள்சட்டைப் பையில் உடலோடு ஒட்டி வையுங்கள், வெளியே எடுத்தால் பேட்டரி சில நிமிடங்களில் அணைந்துவிடும்.

சைவமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒய்மியாக்கோனில் குதிரை இறைச்சியும், உறைந்த மீனைச் சீவித் தரும் ஸ்த்ரோகனினாவும்தான் விருந்து. ரொட்டி, பாலாடை, பழக்கூழ், தேநீர் எல்லா வீட்டிலும் இருக்கும். எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்பதை விருந்துக்கு உட்காரும் முன்பே பணிவாகச் சொல்லிவிடுங்கள், யாரும் வருந்த மாட்டார்கள். குழாய்த் தண்ணீரை எதிர்பார்க்க வேண்டாம். ஆற்றில் கட்டி கட்டியாக அறுத்தெடுத்த பனிக்கட்டியை விறகைப் போல வீட்டு முற்றத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். காலையில் வீட்டுக்கார அம்மா ஒரு கட்டியைத் தூக்கி வந்து அடுப்பருகே அண்டாவில் போடுவார். அது மெல்ல விரிசல் விடும் ஓசையோடுதான் அங்கே பொழுது விடியும். விடிந்தபின் ஐந்து மணி நேரம்போலத்தான் வெளிச்சம். காற்று அசையாத அந்நேரத்தில் வெளியே நின்று மூச்சு விட்டால், அது உறைந்து உதிரும் மெல்லிய சரசரப்புக் காதில் விழும். அதை நட்சத்திரங்களின் கிசுகிசுப்பு என்று இங்கே சொல்கிறார்கள். நீங்கள் அதைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

கடவுச்சீட்டு, குடிபெயர்வு அட்டை, பதிவுத்தாள் மூன்றையும் கையோடு எடுத்துச்செல்லுங்கள். கிளம்பும் நாளையும் திரும்பும் நாளையும் மீட்புப் பணித்துறையில் பதிந்துவிட்டு எனக்கும் சொல்லுங்கள். சொன்ன நாளில் நீங்கள் திரும்பாவிட்டால் நானே அவர்களை அழைப்பேன். என்னிடம் இரண்டு ஜோடி உன்ட்டி இருக்கிறது, ஒன்று 42ஆம் அளவு, மற்றொன்று 43. இரண்டும் காலுக்குப் பொருந்தாதவர்கள் மட்டும் சந்தையில் வாங்கினால் போதும். ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டுப் பாருங்கள்.