சேர்வரின் நலம் அறியும் வினவல்கள்: திருகோணமலை வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி (நிலாவெளி, விடுதி முன்பதிவுப் பொறுப்பாளர்): ஐயா, எங்கள் தரவுத்தள மென்பொருளான எஸ்.கியூ.எல். சேர்வர் எதற்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்ற விவரங்களை, ஒரு வினவலை (தரவுத்தளத்திடம் விவரம் கேட்கும் கட்டளையை) ஓட்டி எடுத்துப் பார்த்தேன். வட்டிலிருந்து தரவுப் பக்கங்களை வாசிப்பதற்கான காத்திருப்பே முதலிடத்தில் நிற்கிறது. புதிய வட்டு வாங்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்த எண்கள் சேர்வர் கடைசியாகத் தொடங்கிய நேரத்திலிருந்து கூடிக்கொண்டே வந்த மொத்தம் என்பதால், நள்ளிரவு பெக்கப்பும் மாத இறுதி அறிக்கைகளும் அதில் கலந்திருக்கும். முன்பதிவுத் திரை மெதுவாக இயங்கும் வேளையில் அதே வினவலை ஓட்டி, விளைவை ஓர் அட்டவணையில் சேமித்து, அரை மணி நேரம் கழித்து மீண்டும் ஓட்டி, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். அதிலும் பக்க வாசிப்பே மேலோங்கினால், கோப்பு வாரியான வாசிப்புத் தாமதத்தையும் இவ்வாறே இருமுறை எடுத்துக் கழித்து, மில்லிசெக்கன்களை வாசிப்புகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரியை அறியுங்கள். சராசரி குறைவாக இருந்தும் மொத்தக் காத்திருப்பு மிகுந்திருந்தால், வட்டின் மீது பழி போடுவது நியாயமன்று. பொருத்தமான இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் சுட்டி) இல்லாத ஏதோவொரு வினவல் முழு அட்டவணையையும் வாசிக்கிறது என்றே நான் ஐயுறுவேன்.

கேள்வி (உவர்மலை): மின்தடையால் சேர்வர் நின்று மீண்டும் தொடங்கியதும் பழைய காத்திருப்பு எண்கள் அனைத்தும் அழிந்துவிட்டன. மீட்க வழியுண்டா?

பதில்: இல்லை, அவை நினைவகத்தில் மட்டுமே வாழ்பவை. ஆனால் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் அறிமுகமான குவெரி ஸ்டோர், வினவல்களின் வரலாற்றைத் தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதி வைப்பதால், அது மீள்தொடக்கத்துக்குப் பின்னும் நிலைக்கும். வட்டில் எழுதும் இடைவெளி இயல்பாக 15 நிமிடங்கள் என்பதால், திடீர் மின்தடையில் இறுதி நிமிடங்களின் விவரம் மட்டும் இழக்கப்படலாம். 2022 பதிப்பில் புதிதாக உருவாக்கும் தரவுத்தளங்களில் அது தானாகவே இயங்கும். முந்தைய பதிப்புகளில் நீங்களே இயக்க வேண்டும். இன்றே இயக்குங்கள்.

கேள்வி (கிண்ணியா, மருந்தகம்): இருந்தால் உதவும் என்று சேர்வரே பரிந்துரைக்கும் விடுபட்ட இன்டெக்ஸ்களின் பட்டியல் மிக நீளமாக வருகிறது. அனைத்தையும் உருவாக்கலாமா?

பதில்: கூடாது. அப்பரிந்துரைகளில் பல ஒன்றோடொன்று ஒத்தவை; ஏற்கெனவே உள்ள இன்டெக்ஸைச் சற்று விரித்தாலே போதுமானவையும் அவற்றில் இருக்கும். நீங்கள் சேர்க்கும் ஒவ்வோர் இன்டெக்ஸும், ஒவ்வொரு விற்பனையைப் பதியும்போதும் எழுதப்பட வேண்டிய கூடுதல் வேலையாகும். மேலே உள்ள ஒன்றிரண்டை மட்டும் சோதனைச் சேர்வரில் முதலில் முயன்று பாருங்கள்.

கேள்வி (மூதூர்): இவ்வினவல்களை ஓட்ட முழு நிர்வாக அதிகாரம் வேண்டுமா?

பதில்: பெரும்பாலானவற்றுக்கு சேர்வரின் நிலையைப் பார்க்க இடமளிக்கும் 'வியூ சேர்வர் ஸ்டேட்' அனுமதி போதும். 2022 பதிப்பில் செயல்திறன் விவரங்களுக்கென அதனிலும் குறுகிய 'வியூ சேர்வர் பெர்ஃபோமன்ஸ் ஸ்டேட்' அனுமதி உண்டு. அதையே கேட்டுப் பெறுங்கள்.