கேள்வி–பதில்: கேதுருவும் தேவதாருவும்

கேள்வி: பைபிளில் ‘லீபனோனின் கேதுரு’ என்று அடிக்கடி வருகிறது. சிம்லா போனபோது ஒருவர் தேவதாருவைக் காட்டி, இதுதான் அது என்றார். நம்பலாமா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: முக்கால்வாசி நம்பலாம். ஒரே மரம் இல்லை, ஆனால் கூடப்பிறந்தவை. செட்ரஸ் என்ற இனத்தில் லெபனான், துருக்கிப் பக்கம் ஒன்று, வட ஆப்பிரிக்காவின் அட்லஸ் மலையில் ஒன்று, சைப்ரஸ் தீவில் குட்டை ஊசியிலையோடு ஒன்று, அப்புறம் நம் இமயமலைத் தேவதாரு. தேவதாருவின் கிளை நுனி தொங்கும்; லெபனான் மரமோ வயதாக ஆகத் தட்டுத் தட்டாகக் கிளையை விரித்துக்கொண்டு நிற்கும். இவற்றின் காய் மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும் என்பதால், சிம்லாவில் நீங்கள் முழுக் காயாகப் பொறுக்கி வந்திருந்தால் அது பெரும்பாலும் பைன் காய்தான். பெயரை மட்டும் நம்பாதீர்கள். வங்காளத்தில் ‘தேப்தாரு’ என்றால் நம்மூர்ப் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் நெட்டிலிங்கம்!

கேள்வி: லெபனான் தன் கொடியிலேயே இந்த மரத்தை வைத்திருக்கிறது. அப்படியென்றால் மலை முழுக்க இந்தக் காடுதானே?
(வாசகர், கோவை)

பதில்: ஒரு காலத்தில் அப்படித்தான். இப்போது அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் மிச்சம். மரம் நல்ல மரமாக இருந்ததுதான் வினை: நெடுநெடு உத்தரம், பூச்சி அண்டவிடாத வாசனை எண்ணெய், லேசில் அழுகாது. நெடுமரம் இல்லாத எகிப்து இதைக் கப்பல் கப்பலாக வாங்கியது; கூஃபு மன்னனின் பிரமிடுக்குப் பக்கத்தில் 1954-இல் கிடைத்த 43 மீட்டர் படகு பெரும்பாலும் இந்த மரம்தான், அதுவும் 4,500 வருடம் தாண்டி. ரோமப் பேரரசர் ஹேட்ரியன், நான்கு வகை மரங்கள் தனக்கே என்று அந்த மலைப் பாறைகளில் வெட்டிவைத்த எழுத்துகள் 200 இடங்களுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. அக்கறை காட்டின் மேலா, கப்பல் மரத்தின் மேலா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

ராஜாக்களை மட்டும் திட்டிப் பயனில்லை, ஆட்டுக்கும் பங்குண்டு. பெரிய மரத்தை வெட்டினாலும் கன்று முளைக்கும், கன்றை ஆடு மேய்ந்தால் அடுத்த தலைமுறையே கிடையாது. பிஷர்ரி ஊருக்கு மேலே உள்ள தோப்பைச் சுற்றி 1876-இல் மதில் கட்ட இங்கிலாந்தின் விக்டோரியா ராணி பணம் கொடுத்தது இதற்காகத்தான். கதீஷா பள்ளத்தாக்கோடு சேர்த்து அந்தத் தோப்பு 1998-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சரி, ஆட்டை மதில் தடுக்கும், வெயிலை? பனி குறையக் குறைய இந்த மரத்துக்கு ஏற்ற குளிர் மேலே மேலே நகர்கிறது. மலைக்கு உச்சி என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு மேல் எங்கே போவது?

கேள்வி: சென்னை மொட்டைமாடியில் தொட்டியில் வைக்கலாமா?
(வாசகர், குரோம்பேட்டை)

பதில்: வேண்டாம் சார், பாவம். பேசாமல் ஒரு நெட்டிலிங்கம் வையுங்கள். வங்காளி நண்பர் யாராவது வந்தால் அவரே தேவதாரு என்று சொல்லிவிட்டுப் போவார்.