ஒரு தடவையாவது குட்டி போட வேண்டுமா?

எங்கள் லாப்ரடார் பெண் நாய்க்கு 14 மாதம் ஆகிறது. போன தடவை ஹீட் (இணை சேரும் பருவம்) வந்தபோது விட்டுவிட்டோம், அடுத்தது சீக்கிரம் வந்துவிடும் போலிருக்கிறது. ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது, இல்லாவிட்டால் கர்ப்பப்பையில் கோளாறு வரும் என்கிறார் மாமியார். அடுத்த தெருவில் நல்ல ஆண் லாப் ஒன்று இருக்கிறது, நாங்கள் வாங்கிய இடத்திலேயே வாங்கியது. கிராஸ் விடச் சம்மதித்துவிட்டார்கள், ஒரு குட்டி கொடுத்தால் போதுமாம். என்னென்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

முதலில், இந்த ஹீட்டில் வேண்டவே வேண்டாம். 14 மாதம் என்றால் உங்கள் வீட்டில் ஓடுவது பாதி குட்டிதான். 2017இல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க விதிகளும் 18 மாதம் முடியாத பெண் நாயை இணை சேர்க்கக் கூடாது என்றுதான் சொல்கின்றன. அதே விதிகளில் இன்னும் இருக்கிறது: அடுத்தடுத்த ஹீட்டில் குட்டி எடுக்கக் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. குட்டி எடுத்து விற்பவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதும் உண்டு.

மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், இதை என்னிடம் சொல்லாத ஆளே இல்லை. ஆனால் ஒரு ஈற்று போட்டால் கர்ப்பப்பை நோய் வராது என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. குட்டி போட்ட நாய்க்கும் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும். கருத்தடை அறுவை செய்தால்தான் அந்தப் பயம் போகும்.

அடுத்தது, "அதே இடத்தில் வாங்கியது" என்ற வரி. அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நமக்கு அத்தை மகன், மாமன் மகள் பழக்கம் என்பதால் நாய்க்கும் அப்படியே பார்க்கிறோமோ என்னவோ. இரண்டும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவையாக இருக்கலாம், பேப்பரை, அதாவது வம்சச் சான்றிதழை, வாங்கிப் பாருங்கள். பேப்பர் இல்லை என்றால் அந்த ஆண் நாயை மறந்துவிடுங்கள். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் சரியாகப் பொருந்தாத கோளாறு குடும்பவழியாக வரும், இரண்டு வயதுக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயை வைத்துத்தான் இடுப்பைப் பற்றி உறுதியாக ஏதும் சொல்ல முடியும். விழித்திரை தேய்ந்து பார்வை போகும் பி.ஆர்.ஏ. என்ற நோய் இன்னும் மோசம். அந்தக் குறையுள்ள மரபணுவில் ஒரு பிரதி மட்டும் இருக்கும் நாய் கடைசிவரை நன்றாகவே இருக்கும், அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. இதற்கு டி.என்.ஏ. பரிசோதனை இருக்கிறது. இரண்டு நாய்களுக்கும் புருசெல்லா ரத்தப் பரிசோதனையும் கட்டாயம் செய்யுங்கள். கருவைக் கலைக்கும் கிருமி அது, இணை சேரும்போது பரவும், மனிதருக்கும் தொற்றும். உங்களுக்குப் பக்கத்தில் வசதி இல்லை என்றால் ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, இரண்டு வயதும் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். லாப் ஒரு ஈற்றில் ஏழெட்டு போடும், பத்தும் போடும். அவற்றை எடுத்துக்கொள்ளப் போகிறவர்களின் பெயரை இப்போதே ஒரு நோட்டில் எழுதுங்கள். "பார்க்கலாம்" என்றவர்களை எழுதாதீர்கள். அலுவலகத்தில் "எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் ஆள் எட்டாவது வாரத்தில் ஃபோனை எடுக்க மாட்டார். நோட்டில் ஐந்து பெயராவது தேறாவிட்டால் குட்டி எடுக்கும் யோசனையையே விட்டுவிடுங்கள் என்பேன்.

நாள் கணக்கு: ரத்தம் கண்டு பதினோராம் நாள், பதின்மூன்றாம் நாள் விட்டால் போதும் என்பார்கள். பல நாய்க்கு ஒத்துவரும். ஆனால் ஒரு வாரத்திலேயே கருமுட்டை வெளிப்படும் நாயும் உண்டு, மூன்று வாரம் இழுக்கும் நாயும் உண்டு. ஐந்தாறு நாளிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்தால் குழப்பம் இல்லை. முட்டை வெளிப்பட்டு இரண்டு நாள் கழித்துத்தான் அது கருவாகத் தயாராகும். இணை சேர்ந்ததும் இரண்டும் பின்னுக்குப் பின் பூட்டிக்கொண்டு கால் மணி, அரை மணி நேரம்கூட நிற்கும். பதறிப் பிரிக்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். அந்த ஒரு குட்டி விஷயத்தையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்: யார் முதலில் தேர்ந்தெடுப்பது, ஒன்றே ஒன்று பிறந்தால் யாருக்கு, சினையே பிடிக்காவிட்டால் என்ன. நல்ல நட்பெல்லாம் இதில்தான் முறிகிறது.

சினைக் காலம் முட்டை வெளிப்பட்டதிலிருந்து ஏறக்குறைய 63 நாள். நம் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு, பாசத்தில் கால்சியம் டானிக் ஊற்றுவது. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் வேலையை உடம்பு மறந்துவிடும். பிரசவத்துக்குப் பிறகு பால் பெருகும்போது ரத்தத்தில் திடீரென்று குறைந்து, நாய் நடுங்கி, விறைத்து, வலிப்பு வந்து விழும். டாக்டர் சொல்லாமல் ஒரு சொட்டும் வேண்டாம். குட்டிகளுக்கென்று விற்கும் நல்ல தீனி போதும், அதையும் கடைசி மூன்று வாரத்தில் கூட்டினால் போதும். 55 நாளுக்கு மேல் ஒரு எக்ஸ்ரே எடுத்து எத்தனை என்று எண்ணிவிடுங்கள்.

ஏன் எண்ணச் சொல்கிறேன் என்றால், என் முதல் நாய்க்கு நான் எண்ணவில்லை. நாலு குட்டி வந்தது, முடிந்தது என்று காபி போடப் போய்விட்டேன். அது மறுபடி முக்கியபோது நஞ்சுக்கொடி வருகிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது குறுக்கே மாட்டிக்கொண்டு செத்திருந்தது, தாயைக் காப்பாற்றியதே பெரும்பாடு.

அதனால் இதைச் சுவரில் ஒட்டி வையுங்கள். உடம்புச் சூடு 99 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி வரும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை என்றாலோ, உள்ளே இன்னும் இருக்கும்போது இரண்டு மணி நேர இடைவெளி விழுந்தாலோ, முதல் குட்டிக்கு முன்பே பச்சையாக ஏதாவது ஒழுகினாலோ காத்திருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நாயை ஏற்ற ஆட்டோ நிற்காது, வண்டிக்கும் சிசேரியன் செய்யும் ஆஸ்பத்திரிக்கும் முந்தின வாரமே சொல்லி வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் என்றால் குளிரையும் கவனியுங்கள். பெங்களூரில் அப்போது ராத்திரி 15 டிகிரிக்கு வந்துவிடும், பிறந்த குட்டிக்கோ நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளக்கூடத் தெரியாது, முதல் வாரம் 30 டிகிரி வேண்டும். பெட்டியின் ஒரு மூலைக்கு மட்டும் பல்பு போடுங்கள், சூடு அதிகமானால் தள்ளிப்போக இடம் இருக்கட்டும். சமையலறைத் தராசில் தினமும் எடை போடுங்கள், ஏறாத குட்டிதான் முதலில் கவலைப்பட வேண்டிய குட்டி.

மொட்டை மாடிக் கதவு திறந்திருந்து எங்கள் பெண் நாய் ஒரு தெருநாயோடு சேர்ந்துவிட்டது. மறுநாளே நாங்கள் பேசி வைத்திருந்த ஆண் நாயிடம் விட்டோம். குட்டி யாருடையது?
– வாசகர், ராமமூர்த்தி நகர்

இரண்டு பேருடையதாகவும் இருக்கலாம். ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன் குட்டிகள் நாய்க்குச் சாதாரணம், யாருடையது எது என்று டி.என்.ஏ.தான் சொல்லும். தெருநாய்க்குப் பிறந்தது ஒன்றும் குறைந்ததில்லை, ஆனால் பேப்பர் நாய் என்று சொல்லி விற்காதீர்கள். கலைக்க ஊசி போடலாமா என்று யோசித்தால், பழைய ஈஸ்ட்ரோஜன் ஊசி எலும்பு மஜ்ஜையையும் கர்ப்பப்பையையும் கெடுக்கும், அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

ஏழு வயதுப் பெண் நாய். ஹீட் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, சோறு தொடவில்லை. வெயில் காரணமாக இருக்குமா?
– வாசகர், ஜாலஹள்ளி

இது இதழ் வரும்வரை காத்திருக்கக் கூடிய கேள்வி இல்லை என்பதால் ஃபோனிலேயே சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே. ஹீட் முடிந்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் இப்படி என்றால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். வெளியே சீழ் தெரியவில்லை என்று நிம்மதியாகாதீர்கள், கர்ப்பப்பையின் வாய் மூடிக்கொண்டு உள்ளேயே தேங்குவதுதான் அதிக ஆபத்து. அன்றைக்கே ஸ்கேன், பெரும்பாலும் அன்றைக்கே அறுவை.