பரிசும் முன்பணமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புதுமைக்கும் தொழில்முனைவுக்கும் அரசு கைகொடுப்பது 1980களில் அமெரிக்காவில் தொடங்கியதுதானே? மானியமாகக் கொட்டுவதைவிடப் பெரிய பரிசு ஒன்றை அறிவித்து, வென்றவருக்கு மட்டும் கொடுத்தால் என்ன? வருமானவரி விலக்கு போதாதா?

க.

அன்புள்ள க.,

வெனிஸ் 1474லேயே காப்புரிமைச் சட்டம் போட்டுவிட்டது. புதிய கருவியைப் பதிவு செய்தவருக்குப் பத்தாண்டு உரிமை. நகலெடுத்தவருக்கு 100 டுகாட் (அந்நாளைய பொற்காசு) அபராதம், நகலையும் உடைத்துவிடுவார்கள். அதை விடுங்கள். அக்கறையோடு கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அந்த ‘வென்றவருக்கு மட்டும்’தான் உறுத்துகிறது.

பரிசுக் கட்சிக்காரர்கள் எல்லோரும் பிரிட்டனின் 1714ஆம் ஆண்டு தீர்க்கரேகைச் சட்டத்தைத்தான் காட்டுவார்கள். கடலில் தீர்க்கரேகையை அரை பாகைக்குள் கணித்தால் 20,000 பவுண்டு. புறப்பட்ட ஊரின் நேரத்தைக் காட்டும் கடிகாரம் கையிலிருந்தால், கப்பலின் உள்ளூர் நேரத்தோடு ஒப்பிட்டுத் தீர்க்கரேகையைக் கண்டுவிடலாம்; அதில் அரை பாகை என்பது இரண்டு நிமிடம். ஆறு வாரப் பயணம் என்றால் நாளொன்றுக்கு மூன்று நொடிகூடப் பிசகக்கூடாது. அதுவும் ஆடுகிற கப்பலில், மாறுகிற வெப்பத்தில். அப்படியொரு கடிகாரம் செய்ய இறங்கிய தச்சர் ஜான் ஹாரிசன் இதைக் கைக்காசு போட்டா முடிப்பார்? சோதனைச் செலவுக்கு 2,000 பவுண்டு வரை தரலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. அதைப் படிக்கத்தான் ஆளில்லை! 1737இல் அவருக்கு 500 பவுண்டு ஒதுக்கினார்கள். பாதி முன்பணம்; மீதி, இரண்டாவது கடிகாரத்தை முடித்தபின். அந்தக் கடிகாரம் கடலுக்கே போகவில்லை. கப்பல் திரும்பும்போது அதன் தண்டு வடிவச் சமநிலைகள் (ஊசலைப்போல அசைந்து ஓட்டத்தைச் சீராக்கும் பாகங்கள்) தடுமாறும் என்று அவரே கண்டுபிடித்து, மூன்றாவதில் வட்டச் சமநிலைக்கு மாறினார். உங்கள் கணக்கில் அது தண்டச்செலவு, இல்லையா?

பரிசு என்ன ஆயிற்று? நான்காவது கடிகாரம் ஜமைக்கா போகும் வழியில், 81 நாளில் ஐந்து நொடிதான் பிசகியது. தற்செயல் என்றது பரிசை முடிவு செய்யும் ஆணையம். ‘பயன்படத்தக்கது’ என்று சட்டம் சொன்னதே தவிர, எதை வைத்து அளப்பது என்று சொல்லவில்லை. மறு சோதனை வைத்து, கடிகாரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லி, 1765இல் 10,000 கொடுத்தார்கள். 1773இல் நாடாளுமன்றம் தலையிட்டுத்தான் மேலும் 8,750 வந்தது.

நீங்கள் சொல்லும் அமெரிக்கா 1982இல் சிறுதொழில் புதுமைத் திட்டத்தில் செய்ததும் தவணைதான்: சாத்தியமா என்று பார்க்கச் சிறு தொகை, தேறினால் உருவாக்கப் பெருந்தொகை.

வரிவிலக்கா? முதல் சில ஆண்டுகள் நஷ்டத்தில் ஓடுகிறவனிடம் வரி கேட்பவர் யார்?