ஆன்லைன் கடையும் அமெரிக்க மாநிலத் தனியுரிமைச் சட்டங்களும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் பொதுவான தனியுரிமைச் சட்டம் இல்லை. 2020இல் கலிஃபோர்னியா தொடங்கிவைத்தது. இன்று ஏறக்குறைய இருபது மாநிலங்களில் தனித்தனிச் சட்டம் இருக்கிறது. கடை வைத்திருக்கும் நம்மவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். நான் வக்கீல் இல்லை. கடைகளை இந்தச் சட்டங்களுக்கு ஏற்பச் சரிசெய்துகொடுப்பவன்.

அண்ணா, நியூ ஜெர்சியில் வீட்டிலிருந்தே சேலை விற்கிறேன். வருடத்துக்கு மூவாயிரம் ஆர்டர் தேறும். இதெல்லாம் எனக்கும் உண்டா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் ஆர்டரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள் தங்கச்சி. நியூ ஜெர்சி, வர்ஜீனியா போன்ற இடங்களில் அந்த மாநிலத்தவர் ஒரு லட்சம் பேரின் தகவல் உங்கள் கையில் புழங்கினால்தான் சட்டம் பொருந்தும். டெலவேர், மேரிலாந்தில் 35,000 பேர். தகவலை விற்றுச் சம்பாதிக்கும் கடைக்கு வரம்பு இன்னும் கீழே.

கலிஃபோர்னியாவில் ஆண்டு வருமானம் 2 கோடியே 66 லட்சம் டாலரைத் தாண்டினால் மாட்டுவோம். தாண்டாவிட்டாலும் ஒரு லட்சம் கலிஃபோர்னியாக்காரர்களின் தகவலை விளம்பரத்துக்காகப் பகிர்ந்தால் மாட்டுவோம். பலர் இடறுவது இங்கேதான். கடையில் மெட்டா பிக்சல் (யார் வந்தார், எதைப் பார்த்தார் என்று ஃபேஸ்புக்குக்குச் சொல்லும் சின்ன நிரல்) போட்டிருந்தால், எதுவும் வாங்காமல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவரும் கணக்கில் வருவார். ஒரு லட்சம் என்பது நாளைக்கு 274 புது ஆள். ஒரு ரீல்ஸ் நன்றாக ஓடினால் அந்தக் கூட்டம் தானாக வரும்.

அப்புறம், பிரைவசி பாலிசி பக்கம் எப்படியும் வேண்டும். கலிஃபோர்னியாக்காரர்களின் பெயர், மெயிலை வாங்கும் எந்தக் கடைக்கும் அது கட்டாயம். 2004 முதல் நடப்பில் இருக்கும் தனிச் சட்டம்.

நாங்கள் யாருடைய தகவலையும் விற்பதில்லை. எதற்குக் கலிஃபோர்னியா கேட்கும் "என் தகவலை விற்காதே" என்ற லிங்க்?

செஃபோரா என்ற அழகுசாதனக் கடையும் வாடிக்கையாளர்களிடம் அப்படித்தான் சொன்னது. 2022இல் 12 லட்சம் டாலர் கட்டியது. பணம் கைமாற வேண்டியதில்லை. பிக்சல் போன்ற டிராக்கரைப் போட விட்டு, பதிலுக்கு விளம்பர வசதியோ பகுப்பாய்வோ வாங்கிக்கொண்டாலே கலிஃபோர்னியா அதை விற்பனை என்கிறது. பிரவுசரே அனுப்பும் "வேண்டாம்" சிக்னலை, அதாவது ஜிபிசியை, அந்தக் கடை கண்டுகொள்ளாததும் சேர்த்துக் குற்றமாயிற்று. பிரேவ் பிரவுசர் அதைத் தானாகவே அனுப்பும். ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்கில் போட்டுக்கொள்ளலாம்.

குக்கீ பேனருக்கு (டிராக்கருக்குச் சம்மதமா என்று கேட்கும் பெட்டிக்கு) மாதச் சந்தா கட்டி ஒரு ஆப் போட்டாயிற்று. வேலை முடிந்ததா?

இல்லை. டாட் ஸ்னைடர் என்ற துணிக்கடையின் கதையைக் கேளுங்கள். பேனர் திரையில் வந்த வேகத்தில் மறைந்துவிடும். யாராலும் மறுப்பு சொல்ல முடியவில்லை. நாற்பது நாள் அப்படியே கிடந்தது, கடையில் யாரும் கவனிக்கவில்லை. 2025 மே மாதம் 3,45,178 டாலர் அபராதம். "ஆப் கம்பெனியின் தவறு" என்ற சமாதானம் எடுபடவில்லை.

நீங்களே சோதிக்கலாம், பத்து நிமிட வேலை. புது இன்காக்னிட்டோ விண்டோவில் கடையைத் திறந்து எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போங்கள். பேனரில் மறுப்பை அழுத்திவிட்டு ஒரு பொருளின் பக்கத்துக்குப் போங்கள். அதன் பிறகும் அங்குள்ள பட்டியலில் ஃபேஸ்புக் முகவரியுடன் ஒரு வரி வந்தால் பேனர் வெறும் அலங்காரம்தான். நான் பார்க்கும் கடைகளில் பாதிக்கு மேல் இந்த லட்சணத்தில்தான் இருக்கின்றன. காரணமும் ஒன்றேதான்: பிக்சலைத் தீமுக்குள், அதாவது கடையின் தோற்ற வடிவமைப்புக்குள், கையால் ஒட்டியிருப்பார்கள், ஆப்புக்கு அது தெரியாது. தீம் மாற்றும்போதெல்லாம் மறுபடி பாருங்கள்.

ஒருவர் தன் தகவல் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்கிறார். வரிக்கு இன்வாய்ஸ் வேண்டுமே?

சட்டப்படி வைத்திருக்க வேண்டிய இன்வாய்ஸை வைத்துக்கொள்ளலாம். மெயில் பட்டியல், விளம்பர ஆடியன்ஸ், கைவிட்ட கார்ட் ஆகியவற்றிலிருந்து அழித்துவிட்டு, 45 நாளுக்குள் பதில் சொல்லுங்கள். லைசென்ஸ் போட்டோ எல்லாம் கேட்காதீர்கள். ஆர்டர் எண்ணும் மெயிலும் பொருந்தினால் போதும். மேலே சொன்ன துணிக்கடை அதற்கும் சேர்த்துத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டது. விளம்பரப் பகிர்வை நிறுத்தச் சொல்பவரிடம் அடையாளச் சரிபார்ப்பே கூடாது.

சியாட்டிலில் மூலிகைத் தைலம், லேகியம் விற்கிறேன். சின்னக் கடை.

உங்களுக்குத்தான் கொஞ்சம் கவலை, சார். வாஷிங்டனின் உடல்நலத் தகவல் சட்டத்துக்கு வருமான வரம்பே கிடையாது. வாடிக்கையாளர் நேரடியாக வழக்கும் போடலாம். மூட்டுவலித் தைலம் பார்த்தவர் யார் என்பது உடல்நலத் தகவலாகிவிடக்கூடும். அந்தப் பக்கங்களில் பிக்சலை எடுத்துவிடுங்கள். உடல்நலத் தகவலுக்கென்று தனி பாலிசி எழுதி முகப்பில் லிங்க் கொடுங்கள்.

திருப்பூரிலிருந்து நேரடியாக அமெரிக்காவுக்கு டி-ஷர்ட் விற்றால்?

கடை எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை, வாங்குபவர் எந்த மாநிலம் என்பதுதான். வரம்புகள் அதேதான்.

சாட் பெட்டி ஒட்டுக்கேட்கிறது என்று கலிஃபோர்னியா வக்கீலிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. மோசடியா?

மோசடி என்று தூக்கிப் போடாதீர்கள். 1967ஆம் ஆண்டின் ஒட்டுக்கேட்புத் தடைச் சட்டத்தை வைத்து, மீறலுக்கு 5,000 டாலர் கேட்டு இப்படி நிறையக் கடிதங்கள் பறக்கின்றன. சின்னக் கடை என்ற விலக்கு இதில் இல்லை. நீங்களாகப் பதில் எழுதாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். உங்கள் வக்கீலிடம் கடிதத்தைக் கொடுங்கள், இன்ஷூரன்ஸ்காரருக்கும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.